ஒரு முனை வளைந்த கம்பி

சந்தன நகருக்கு முதல் கம்பி வந்து சேர்ந்தது முனிரத்தினம் சுடப்பட்டுச் செத்ததற்கு மறுநாள், வியாழக்கிழமை காலையில். பத்திர எழுத்தர் தணிகாசலம் வாயில் பிரஷ்ஷோடு தோட்டத்துப் பக்கம் போனபோது, துணி துவைக்கும் கல்லின் மேல் அது கிடந்தது, யாரோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போன மாதிரி. மூன்றடி நீளம், கட்டைவிரல் பருமன், ஒரு முனை வளைந்திருந்தது, மேலெல்லாம் துரு. விடியற்காலையில் பெய்த மழையில் கல் நனைந்திருந்தது, கல்லைச் சுற்றியிருந்த பாசி நனைந்திருந்தது, கம்பி மட்டும் நனையவில்லை.

அவர் அதைத் தொடாமல் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, வாசலில் கிடந்த பேப்பரைப் பிரித்து நான்காம் பக்கத்தைப் பார்த்தார். "சுமார் மூன்றடி நீளமுள்ள, ஒரு முனை வளைந்த, துருப்பிடித்த இரும்புக் கம்பியுடன் பாய்ந்து வந்த மர்ம நபர்" என்று போட்டிருந்தது. பேப்பரோடு திரும்பப் போய் ஒவ்வொரு சொல்லாகக் கம்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. "சுமார்" என்ற சொல்கூடப் பொருந்தியது. டேப் வைத்து அளந்தபோது மூன்றடிக்குக் கால் அங்குலம் குறைந்தது.

அவருக்கு அது பெரிய விசித்திரமாகப் படவில்லை. இருபத்தாறு வருடமாக சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். எழுதியது நிலத்தில் வந்து உட்கார்ந்துகொள்வதை அவர் பார்த்திருக்கிறார். வண்டிப்பாதை என்று எழுதினால் பத்து வருடத்தில் அங்கே வண்டி போகும். கிணறு என்று எழுதினால், அங்கே கிணறே இல்லாவிட்டாலும், இரண்டு தலைமுறை அதற்காகச் சண்டை போட்டு, கடைசியில் யாராவது ஒருவர் அதில் தவறி விழுந்தும் செத்திருப்பார். எழுதிய பொருள் வந்து சேர்ந்ததில் அவருக்குக் குழப்பமில்லை. அது ஏன் தன் வீட்டுக்கு வந்தது என்பதிலும் குழப்பமில்லை. சம்பவ இடத்தில் என்னென்ன கிடந்தன என்று போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் சாட்சிகளின் கையெழுத்து இரண்டு. அதில் முதலாவது அவருடையது.

சந்தன நகர் அறுபத்து நான்கு வீடுகள். ஒரு காலத்தில் ஏரிக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்த வழியில் மனை பிரித்துப் போட்ட இடம். மேற்கே ஏரிக்கரை, கரைக்கு அந்தப் பக்கம் முப்பது குடிசைகள், இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், தென்னையில் காய்ந்த மட்டை தொங்கினால், குளியலறைக்குள் பாம்பு வந்தால், அந்தப் பாதை வழியாக வருகிறவன் முனிரத்தினம். ஏரி உள்வாயில், தண்ணீர் வடிந்த கைப்பிடி அளவு இடத்தில் பந்தல் போட்டுப் புடலையும் பீர்க்கையும் விட்டிருந்தான். அறுபத்து நான்கு வீட்டிலும் அவன் முகம் தெரியும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று நகரில் வீடு கட்டியிருந்த ஹவில்தார் கோவர்த்தனனின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து கொம்பேறி மூக்கனைப் பிடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனவனும் அவன்தான். அன்றைக்கு ஹவில்தாரே அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அந்த வருடம் ஐப்பசியில் நகரில் திருட்டுப் பயம் வந்துவிட்டது. காணாமல் போனது மொத்தம் ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு ஸ்கூட்டர் பேட்டரி, ஒரு சைக்கிள். சைக்கிளும் பிறகு, அதன் சொந்தக்காரர் விட்டுவிட்டு மறந்துபோன ரயில் நிலையத்திலேயே கிடைத்தது. நகரின் வாட்ஸ்அப் குழுவில் இந்த மூன்றும் ஒரு கும்பலாகி, கும்பல் உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு, எண்ணெய்க்கு மேல் கரியும் பூசிக்கொண்டது. நலச் சங்கச் செயலாளர் என்கிற முறையில் தணிகாசலம்தான் போலீசுக்கு மனு எழுதினார். நல்ல மனு. மனுவைப் படித்த இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"என்கிட்ட இருக்கிறது பதினோரு பேரு சார். அதுல நாலு பேரு பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க. நீங்களே ஆள் போட்டுப் பாத்துக்கங்க. உங்க ஹவில்தார் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்குதில்ல? தேர்தலுக்கு ஒப்படைச்சது இன்னும் இங்கதான் இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது. எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"சார், துப்பாக்கியெல்லாம்..." என்றார் தணிகாசலம்.

"அட, சும்மா காட்டறதுக்குத்தான். காட்டினாலே ஓடிடுவானுங்க."

பிறகு ஊரெல்லாம் நடந்த விவாதங்களில் அந்தச் சிரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்டேஷன் பதிவேட்டில் துப்பாக்கி உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்று இருந்தது, சிரிப்பை எழுத அதில் கட்டம் இல்லை.

செவ்வாய்க்கிழமை முனிரத்தினம் தணிகாசலத்தின் வீட்டுச் சாக்கடையைக் குத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி அம்சவேணி ஜன்னல் வழியாக, "முனி, புடலங்கா காய்ச்சிருக்குதா? இருந்தா ஒண்ணு கொண்டாயேன்" என்றாள். "இருக்குதும்மா, நாளைக்குக் காலைல அறுத்தாறேன்" என்றான் அவன். ஈஸி சேரில் கிடந்த தணிகாசலம் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "காலைல வேணாம்பா, ஆபீசுக்குக் கிளம்பற நேரம், எவன் எழுந்து வந்து கேட்டைத் திறக்கறது? சாயங்காலமா கொண்டா" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கரண்ட் போயிருந்தது. மூன்றாவது தெருவில் காவலுக்கு நின்றவர்களில் யாரோ விசில் ஊதினார்கள். ஏரிப் பக்கமிருந்து ஓர் ஆள் வருவது மங்கலாகத் தெரிந்தது. "யாரது?" என்று கத்தினார் துப்பாக்கியோடு நின்ற ஹவில்தார். "நான்தான் சார்" என்றான் முனிரத்தினம், எல்லாருக்கும் தன்னைத் தெரியும் என்று நினைக்கிறவன் சொல்கிற மாதிரி, நடையைக் கூட நிறுத்தாமல், கையில் இருந்ததைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிக்கொண்டு. ஹவில்தார் சுட்டார்.

தணிகாசலம் டார்ச்சோடு ஓடிப் போனபோது அவன் சாக்கடை ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தான். அவனுக்கு அருகே இரண்டாக உடைந்து கிடந்தது புடலங்காய். நல்ல நீளமான காய். நேராக வளரக் கட்டியிருந்த கல் எப்போதோ நழுவியிருக்க வேண்டும், நுனி மட்டும் வளைந்திருந்தது.

போலீஸ் வந்தது. ஸ்டேஷனில் எல்லாவற்றையும் எழுதுகிற ஏட்டை ரைட்டர் என்பார்கள். அந்த ரைட்டர் பலராமன் அட்டையும் காகிதமுமாக ஜீப்பிலிருந்து இறங்கினார். ஹவில்தார் யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வெறும் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஹவில்தார், கையில ஏதாச்சும் வெச்சிருந்தானா?"

"என்னமோ நீட்டினான்."

"என்ன நீட்டினான்? கத்தியா? கம்பியா?"

"நீட்டமா. என்னமோ."

"கம்பி" என்று ரைட்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பி, ஸ்கூட்டர் சீட்டின் மேல் வெற்றுத் தாளை வைத்தார். "சார், நீங்களும் எழுத்துத் தொழில்ல இருக்கிறவரு, உங்களுக்குத் தெரியாததா? மழை வர மாதிரி இருக்குது. ஸ்டேஷன்ல போய் நிதானமா எழுதிக்கிறேன். கீழ ஒண்ணு போட்டுடுங்க." நாள் முழுக்க ஆட்களிடம் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொள்கிற மனிதர், ரைட்டர் பிடித்த டார்ச் வெளிச்சத்தில், வழக்கமான சுழியோடு கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டோம் என்று பிற்பாடு ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டார். பயம் என்று சொன்னால் அது கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. உண்மையில், அந்த இடத்தில் காகிதத்தை நீட்டத் தெரிந்தவர் ஒருவர் வந்துவிட்டாரே என்று அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. காலையில் சாக்கடை ஓரத்தில் ஒரு பசு அந்தக் காயை மென்றுகொண்டிருந்தது. அவர் அதை விரட்டவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் பதினொரு வீட்டுக்குக் கம்பி வந்தது. போலீஸ் வந்து கேட்டபோது ஆமாம், கம்பி வைத்திருந்தான், நாங்களும் பார்த்தோம் என்று சொன்ன வீடுகள் அவை. எல்லாம் ஒரே நீளம், ஒரே வளைவு, ஒரே துரு. அடுத்த வாரத்தில், "பார்த்தேன்" என்று சொல்லாமல் "பார்த்தார்களாம்" என்று சொன்னவர்களுக்கும் வர ஆரம்பித்தது. சமையலறை மேடையில், பூஜை அலமாரியில், செருப்பு ஸ்டாண்டில், எங்கே நின்று சொன்னார்களோ அதற்குப் பக்கத்தில் எங்காவது கிடக்கும். விழும் சத்தம் கேட்காது. திரும்பிப் பார்த்தால் இருக்கும்.

சந்தன நகர்க்காரர்கள் இரண்டு நாள் திகைத்தார்கள், மூன்றாவது நாள் அவற்றில் கொடி கட்டித் துணி உலர்த்தினார்கள். முருங்கைக்காய் பறிக்க அந்த வளைந்த முனை ரொம்ப வசதி என்று இரண்டாவது தெரு முழுக்கச் சொன்னது. தக்காளிச் செடிக்கு ஊன்றினார்கள், பின்கதவுக்குக் குறுக்கே போட்டார்கள், மாடிப்படியில் கைப்பிடி வைத்தார்கள். மிச்சத்தைப் பழைய இரும்புக் கடை சிக்கந்தர் பாயிடம் கொண்டுபோனபோது அவர் தராசில் வைத்துப் பார்த்தார். தூக்கி வந்தவரின் தோள் கன்றிப்போயிருந்தது, ஆனால் தராசு முள் அசையவில்லை. பாய் இன்னொன்றை வைத்தார், பத்து வைத்தார், முள் அசையவில்லை.

"இத நான் வாங்க முடியாதுங்க. எடையே இல்லாத இரும்ப வாங்கி நான் யார்கிட்ட போடறது?"

"எவ்ளோ கனம் பாருங்க பாய்! தூக்கிட்டு வந்தவனுக்குத்தான் தெரியும்!"

"அது உங்க தோளுக்குத் தெரியுது. என் தராசுக்குத் தெரியலையே."

இதற்குள் விஷயம் சந்தன நகரைத் தாண்டிப் போயிருந்தது. உயிரைக் காத்துக்கொள்ள ஒரு குடிமகன் சுட்டது தப்பா என்று ஒரு பக்கமும், துப்பாக்கியை எடுத்துக் கொடுத்த போலீசை என்ன செய்வது என்று இன்னொரு பக்கமும், பைபாஸ் ரோட்டில் மறியலும், பஸ் ஸ்டாண்டில் பாராட்டு பேனருமாக ஊர் இரண்டாகி நின்றது. தொலைக்காட்சியில் ராத்திரி எட்டு மணிக்கு நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் பேசப் பேசக் கண்ணாடி மேஜையில் கம்பிகள் சேர்ந்தன, நெறியாளர் அவற்றை முழங்கையால் ஒதுக்கிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். ஹவில்தாருக்காகப் பேசியவருக்கு மட்டும்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது. முனிரத்தினத்துக்காகக் கண்ணில் நீரோடு பேசிய வக்கீல், "சரி, கம்பியே வைத்திருந்தான் என்று வைத்துக்கொள்வோம், அதற்காகச் சுட்டுவிடுவதா?" என்று கேட்டபோது அவர் முன்னாலும் ஒன்று கிடந்தது. ஒன்றரை அடிதான் இருந்தது அது.

நகரின் எட்டாம் நம்பர் வீட்டு புஷ்பவதி டீச்சர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "சொன்னாத்தானே வருது? சொல்லாம இருந்து பார்ப்போமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "டீச்சர், கம்பிய பத்திப் பேசாம இந்தத் தெருவுல வேற எதைப் பத்திப் பேசறது?" என்றார் ஒருவர். உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் கையை விட்டு, வந்திருந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கம்பியே வராத வீடு ஒன்று இருந்தது. அது ஹவில்தார் வீடு. தற்காப்பு என்று எழுதிக்கொண்டு போலீஸ் அவரைக் கைது செய்யாமல் விட்டிருந்தது; வாரம் ஒரு முறை ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பாராட்டு விழாவில் மைக்கைக் கொடுத்தபோது, "இருட்டா இருந்துச்சு. கையில என்னமோ இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். கூட்டம் "கம்பி! கம்பி!" என்று கத்தியது, மேடை முழுக்க இரும்பாக நிறைந்தது, இறங்குவதற்கு அவருக்கு வழி ஒதுக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை அவர் தணிகாசலத்தின் கேட்டருகே வந்து நின்றார். சவரம் செய்யாத முகம்.

"சார், நீங்க டார்ச்சோட மொதல்ல வந்தீங்க. பார்த்திருப்பீங்க. அவன் கையில என்ன சார் இருந்துச்சு?"

தணிகாசலம் கேட்டின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பேப்பர்லதான் போட்டிருக்காங்களே" என்றார்.

"பேப்பர்ல நானும் பார்த்தேன் சார். நான் உங்களைக் கேக்கறேன்."

"எனக்கும் இருட்டுதான் ஹவில்தார்."

ஹவில்தார் திரும்பி நடந்தார். அன்று முழுக்கத் தணிகாசலம் வேலையில் தப்புத் தப்பாக எழுதினார், வடக்கெல்லையைத் தெற்காக்கினார், இறந்துபோன ஒருவரை விற்பவராக்கினார்.

அதே வாரத்தில் முனிரத்தினத்தின் மனைவி தேசம்மாள் நகருக்கு வந்தாள். அழவில்லை, கோஷம் போடவில்லை. முதல் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கேட்டாகத் தட்டி, எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். கதவைத் திறக்காதவர்கள் வீட்டில் ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். தணிகாசலத்தின் வீட்டுக்கு அவள் வந்தபோது உச்சி வெயில்.

"யாரு ஊட்ல புடலங்கா கேட்டாங்கன்னு தெரிஞ்சா போதும்ண்ணா. வேற ஒண்ணும் வாணாம்."

"என்னம்மா?"

"அன்னிக்கு ஒரு காய்தான் அறுத்துக்கினு வந்தாரு. இருக்கறதுலயே நீட்டமா பாத்து. இருட்டிக்கினு வருதே, காலைல போயேன்னேன். சாயங்காலந்தான் வரச் சொன்னாங்கன்னு சொன்னாரு. யாரு சொன்னாங்கன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும். அவங்க வந்து சொன்னாங்கன்னா அவரு திருடப் போகலன்னு ஆகுமில்ல? ஊட்டுக்காரி நான் சொன்னா யாரு நம்பறாங்க?"

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. அம்சவேணி சமையலறையில் மூச்சுவிடாமல் நிற்பது அவருக்கு முதுகில் தெரிந்தது.

"தெரியலையேம்மா" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். தணிகாசலம் திரும்பி நாற்காலியைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், ஜன்னல் விளிம்பைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு கம்பி வந்திருந்தால் கொஞ்சம் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நான் போய்ச் சொல்லிடட்டுமா?" என்றாள் அம்சவேணி, ஈரக் கையோடு வந்து நின்று.

"உன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க. அசிங்கமாயிடும். உனக்காகத்தான் பாக்கறேன்."

"எனக்காகன்னு நான் கேட்டேனா? நீங்களா சொல்லிக்கிறீங்க."

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அவள் காய்கறிக்காரனிடம் எந்தக் காயையும் பெயர் சொல்லிக் கேட்காமல் விரலால் காட்டி வாங்கினாள்.

கம்பிகள் தெருவில் நடக்க இடமில்லாமல் சேர்ந்தபோது சங்கம் ஒரு முடிவெடுத்தது. ஏரிப் பக்கத்துப் பாதையை அடைத்து வேலி போடுவது. இரும்புக்கு எங்கும் போக வேண்டியதில்லை, எல்லாம் ஒரே அளவு, வெட்டக்கூடத் தேவையில்லை, வளைந்த முனைகளை ஒன்றோடு ஒன்று கோத்தால் போதும், வெல்டிங்கும் மிச்சம். ஐந்தே நாளில் வேலி எழும்பியது, கவுன்சிலர் வந்து ரிப்பன் வெட்டினார். எல்லாரும் வேலிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொள்ளும்போதே சம்பவத்தைப் பற்றிப் பேசினார்கள், பேசியதில் இன்னும் நாற்பது கம்பி கிடைத்தது. அவற்றையும் சொருகினார்கள். அதன் பிறகு வேலி தினமும் தடித்தது. முதலில் அதன் வழியாக ஏரி தெரிந்தது, பிறகு ஏரியின் பளபளப்பு மட்டும் தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. ஏரிக் காற்று நின்றுபோனது. கார்த்திகை மாதத்தில் ஜனங்கள் விசிறியோடு வாசலில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு, குத்திவிட ஆளில்லாமல், தண்ணீர் வீட்டுப் படியேறியது. யாருக்கும் தூக்கம் சரியாக இல்லை. ஒருவர் இருமினால் ஏழு வீட்டில் விளக்கு எரிந்தது. ஆனாலும் இப்போதுதான் பாதுகாப்பாக இருக்கிறது என்று எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்கள்.

மறியல்களின் பலனாகக் கடைசியில் போலீஸ் நடந்துகொண்ட விதம் பற்றிக் கோட்டாட்சியர் விசாரணை என்று அறிவித்தார்கள். மகஜர் சாட்சி என்பதால் தணிகாசலத்துக்குச் சம்மன் வந்தது. விசாரணைக்கு முந்தின நாள் ரைட்டர் பலராமன் சீருடை இல்லாமல், வேட்டி சட்டையில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"ஸ்டேஷன்ல முன்னூத்திச் சொச்சம் கம்பி கிடக்குது சார். லாக்கப்புல ஆளை வைக்க இடமில்ல, பொடி கேஸ்காரனை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டோம். ஆனா கோட்டாட்சியரம்மா இதுல எது அவன் கையில இருந்ததுன்னு கேட்டா எதைக் காட்டறது? மத்ததெல்லாம் வாயால வந்தது. உங்களது கையெழுத்தால வந்தது. அதுதான் ஒரிஜினல். அதைக் கொண்டாந்து மேஜையில வைங்க, இதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சது."

"முடிஞ்சதுன்னா?"

"முடிஞ்சதுன்னா முடிஞ்சது. ஹவில்தாருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. செத்தவன் செத்துட்டான்."

"அவன் திருடன்னு ஆயிடும்."

"அவனுக்கு இனிமே என்ன ஆனா என்ன சார்?" ரைட்டர் ஒரு பழத்தை உரித்து அவரே தின்றார். "நான் கெட்டவன் இல்ல சார். ஹவில்தார் நீட்டமா என்னமோன்னாரு. நானும் அங்க உடைஞ்சு கிடந்ததை அளந்துதான் எழுதினேன், மூணடி. வளைஞ்சிருந்துச்சு, அதையும் எழுதினேன். பேரு மட்டும்தான் மாத்திப் போட்டேன். காய்கறி வெச்சிருந்தவனைச் சுட்டான்னு எழுதினா ஹவில்தார் பொழைப்பாரா? அவருக்குத் துப்பாக்கி குடுத்த நாங்க பொழைப்போமா?"

தணிகாசலத்துக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவரைக் கலவரப்படுத்தியது. கிணறு என்று எழுதச் சொன்னவர்களுக்கெல்லாம் அவர் கிணறு எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த ஆள் பேசுவது தன் குரல் மாதிரியே கேட்டது.

மறுநாள் கம்பியைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனார். அம்சவேணி பின்னால் உட்கார்ந்துகொண்டாள். வா என்று அவர் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஏரிப் பாதை அடைத்திருந்ததால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போகிற வழியெல்லாம் அவர் இரண்டு வாக்கியங்களை மாற்றி மாற்றி மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டுமே அவர் குரலில் நன்றாகத்தான் ஒலித்தன.

கோட்டாட்சியர் அலுவலகத்துக் கூடத்தில் இன்ஸ்பெக்டர் முன் வரிசையில் இருந்தார், இப்போது சிரிக்கவில்லை. ரைட்டர் இருந்தார். ஹவில்தார் சுவரோரமாக நின்றார். கடைசி பெஞ்சில் தேசம்மாள், பக்கத்தில் யாரும் உட்காராமல், தனியாக. கோட்டாட்சியர் நாற்பது வயதுக்குள் இருக்கிற ஒரு பெண், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மகஜரை எடுத்தார்.

"இது உங்க கையெழுத்துதானா?"

"என் கையெழுத்துதான் மேடம்."

"அந்தக் கம்பியைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

அவர் துண்டைப் பிரித்துக் கம்பியை மேஜையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை. கை அந்தத் துருவில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"இறந்தவர் கையில இருந்தது இதுதானா?"

ரைட்டர் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், கைப்பிள்ளையைப் பேச வைக்கிற மாதிரி. ஆம் என்று சொல்ல இரண்டே எழுத்து போதும். தணிகாசலம் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"இல்ல மேடம். நான் கையெழுத்துப் போட்டது வெற்றுத் தாள்ல. இந்தக் கம்பி மறுநாள் என் வீட்டுக்கு வந்தது. அவர் கையில இருந்தது புடலங்கா. அங்க ரெண்டா உடைஞ்சு கிடந்ததை நான் பார்த்தேன். அது எங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தது. நாங்கதான் கேட்டிருந்தோம்."

"நான்தான் கேட்டேன்" என்றாள் அம்சவேணி, யாரும் கேட்காமலே எழுந்து நின்று.

சுவரோரத்தில் ஹவில்தார் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். "புடலங்கா" என்று இரண்டு தடவை சொன்னார், அந்தச் சொல்லை முதல் முறையாகக் கேட்கிறவர் மாதிரி. இன்ஸ்பெக்டர் எழுந்து ஆட்சேபணை என்று ஏதோ தொடங்க, கோட்டாட்சியர் கையைக் காட்டி உட்கார வைத்தார். மேஜை மேலிருந்த கம்பி அங்கேயே இருந்தது. அந்த நேரத்தில் சந்தன நகர் வேலியில் ஒரு கம்பிகூடச் சாயவில்லை என்று பிறகு சொன்னார்கள். எட்டாவது நிமிஷமே செய்தி வந்து, பத்திரக்காரன் காசு வாங்கிவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் யாரோ எழுதி, அதற்குக் கீழே நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

டைப்பிஸ்ட் பெண் அவர் சொன்னதை அடித்துக்கொண்டே வந்தாள். அடித்து முடிக்கிற நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து தேசம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். யாரும் தடுக்கவில்லை. அவள் கோட்டாட்சியரைப் பார்க்கவில்லை, போலீஸைப் பார்க்கவில்லை, அம்சவேணியைக் கூடப் பார்க்கவில்லை. தணிகாசலத்துக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றாள்.

"அவரு காலைலயே தரேன்னுதான சொல்லியிருப்பாரு? எப்பவும் காலைலதான் அறுப்பாரு."

"ஆமாம்மா."

"அப்புறம் ஏண்ணா சாயங்காலம் வரச் சொன்ன?"

தணிகாசலம் மேஜையிலிருந்த துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"இதை அடிக்கணுமா மேடம்?" என்று டைப்பிஸ்ட் மெதுவாகக் கேட்டாள்.

"அடிங்க" என்றார் கோட்டாட்சியர்.

அவள் கேள்வியை அடித்து, அடுத்த வரிக்கு வந்து, பதில் என்று அடித்து, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு, விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு, தணிகாசலத்தின் வாயைப் பார்த்தபடி காத்திருந்தாள்.